பேர் சொல்லும் போன்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மதார் சாகிப்பின் லாரி புக்கிங் ஆபீசில் சாண்ட்ரா வேலைக்குச் சேர்ந்தபோது அவளைத் திணறடித்தது கம்பியும் தகடும் அல்ல, செல்வங்கள்தான். யாருக்காவது கம்பி ஏற்றிப்போக லாரி வேண்டுமென்றால் ஆபீசுக்குப் போன் வரும். எந்த டிரைவர் சும்மா இருக்கிறார் என்று பார்த்துக் கூப்பிட்டு லோடு சொல்வது அவள் வேலை. டிரைவர்களில் பாதிப்பேர் செல்வமாக இருந்தார்கள், மீதிப்பேர் முருகனாக இருந்தார்கள். மீஞ்சூருக்குப் போக வேண்டிய கம்பியை எண்ணூருக்குப் புறப்பட்ட செல்வத்தின் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, முதல் வாரமே மதார் சாகிப்பிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் போனில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடையாளம் சேர்த்தாள். எப்போது கூப்பிட்டாலும் கொட்டாவியோடு பேசுகிறவர் தூங்குமூஞ்சி செல்வம். சட்டையில் மதியச் சாப்பாட்டின் தடம் இல்லாமல் ஆபீஸ் பக்கம் வராதவர் சாம்பார் செல்வம். ஒரே ஒரு மணி அடிக்கவிட்டுக் கட் செய்துவிடுகிறவர் மிஸ்டுகால் முருகன். தன் போன் தன் கையில் இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் மனசில் பட்டதைப் பட்டபடியே போட்டாள். முதலாளியையும் விடவில்லை. எதைக் கேட்டாலும் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லுகிற மதார் சாகிப்புக்கு அதுவே பெயராகிவிட்டது.

வருடங்கள் ஓடின. போனுக்கும் வயசாகிவிட்டது. மூலையில் கண்ணாடி நொறுங்கி, சாண்ட்ரா அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தாள். ஒரு படம் வந்தால் ஒரு படத்தை அழிக்க வேண்டும். நாலு லோடு பேசி முடிப்பதற்குள் தோசைக்கல் மாதிரி சூடாகிவிடும். ஹார்பரில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் ஜெரி, கல்யாண நாளன்று ஒரு புதுப்போனை வாங்கிவந்து கையில் கொடுத்தான். அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் சாண்ட்ரா. ஆசை இல்லாமல் இல்லை. பயம். பழையதில் இருந்து புதியதற்கு மாற்றும்போது நடுவழியில் எல்லாம் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது? பிள்ளைகளின் ஞானஸ்நானப் படங்கள், கோயில் பாட்டுக்குழுவின் ஒத்திகைப் பாடல்கள், டிரைவர்களின் லைசென்ஸ் படங்கள், பேங்க், கேஸ் சிலிண்டர், எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. கல்மண்டபத்தில் ஒரு கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று ஜெரி சொல்லிப் பார்த்தான். முன்பின் தெரியாதவன் கையில் என் போனைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் ஆபீசில் பில் போடும் லுப்னாதான் தைரியம் கொடுத்தாள். தன் அம்மாவுக்கும் இரண்டு சித்திமார்களுக்கும் அவளே மாற்றிக் கொடுத்திருந்தாளாம். ஒரு சனிக்கிழமை மதியம், மார்க்கெட்டில் கூட்டம் குறைந்த நேரத்தில், இருவரும் உட்கார்ந்தார்கள். பில் புத்தகத்தின் மேல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள் லுப்னா. புதுப்போனில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு க்யூஆர் கட்டம் வந்தது. அதைப் பழைய போனின் கேமராவில் காட்டியதும், இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. எதையெல்லாம் எடுத்து வர வேண்டும் என்று கேட்டது. சாண்ட்ரா எதையும் விட மனசில்லாமல் எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கச் சொன்னாள்.

முதலில் அரைமணி நேரம் ஆகும் என்றது. பிறகு இரண்டு மணி நேரம் என்றது. அப்புறம் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டது. இதுவும் நம்ம பாய் மாதிரிதான்க்கா என்றாள் லுப்னா. போனைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் சாண்ட்ராவுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள். மேஜையைத் துடைத்தாள். அவளிடமிருந்து போன் வராததைக் கண்டு, உடம்புக்கு முடியவில்லையோ என்று விசாரிக்க இரண்டு டிரைவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

ஒருவழியாக முடிந்தது. சிம்மை எடுக்கும் ஊசி பெட்டியோடு வீட்டில் இருந்ததால், சாண்ட்ரா தன் காதுத் தொங்கட்டானைக் கழற்றி அதன் கொக்கியால் குத்தி சிம்மை மாற்றினாள். வாட்ஸாப் ஒரு நம்பர் அனுப்பிக் கேட்டது, கொடுத்ததும் வழிவிட்டது. பேங்க் மட்டும் அவளை யாரோ எவரோ போலப் பார்த்தது. கேஸ் சிலிண்டருக்கு ஏதோ பாஸ்வேர்டு கேட்டது. அப்படி ஒன்று இருந்ததே அவளுக்கு நினைவில்லை. ஆனால் படங்களைத் திறந்ததும் அந்தக் கவலையெல்லாம் பறந்துபோனது. சின்ன மகள் ஞானஸ்நானத்தன்று ஃபாதரின் அங்கியைப் பிடித்து இழுக்கும் படம், கண்ணாடி விரிசல் இல்லாமல், பளிச்சென்று வந்திருந்தது. லுப்னாவுக்கும் காட்டி, எதிரே நின்ற டிரைவர்களுக்கும் காட்டினாள்.

கடைசியாகப் புதுப்போன் இன்னும் சில கேள்விகள் கேட்டது. லுப்னா ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அதில் ஒன்று, யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயரைச் சத்தமாகச் சொல்லட்டுமா என்பது. சாண்ட்ராவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எதிர் கோடவுனில் கிரேன் கம்பியை இறக்கினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே காதில் விழாது. கை லோடு சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது திரையைப் பார்க்கவும் முடியாது. சொல்லட்டும், நல்ல சத்தமாகவே சொல்லட்டும் என்று, தானே ஒலியை முழுதாக ஏற்றி வைத்தாள்.

சாயங்கால லோடுக்காக டிரைவர்கள் வந்து மேஜையைச் சுற்றி நின்ற நேரத்தில் முதல் அழைப்பு வந்தது.

"தூங்குமூஞ்சி செல்வம் அழைக்கிறார்" என்றது போன். நல்ல குடும்பத்துப் பெண் செய்தி வாசிப்பது போன்ற குரல், ஒரு எழுத்தையும் விழுங்காத தமிழ்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது முறையும் அது நிதானமாக அதையே சொன்னதும் ஆபீஸ் அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தது சாம்பார் செல்வம். சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்து அவள் நம்பரைப் போட்டுப் பார்த்தார். "சாம்பார் செல்வம் அழைக்கிறார்." அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு அத்தனை பேர் கையிலும் போன். ஆளாளுக்கு அடித்து, தன் பெயரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் முதுகில் தட்டினார்கள். சாண்ட்ரா இரு கைகளாலும் போனைப் பொத்தினாள். பழைய போனில் இருந்த இடத்தில் புதியதில் பொத்தான் இல்லை. உள்ளே கண்ணாடி அறையில் இருந்த மதார் சாகிப், வெளியே என்ன சத்தம் என்று கேட்பதற்காக அவளுக்கே போன் அடித்தார்.

"அஞ்சே நிமிஷம் அழைக்கிறார்."

மதார் சாகிப் தலையை வெளியே நீட்டி, யார் அது அஞ்சே நிமிஷம் என்று கேட்டார். லுப்னா கீழே விழாத பேனாவைத் தேடி மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

அப்போதுதான் சாண்ட்ரா பின்வரிசையில் நின்ற திருமுருகனைப் பார்த்தாள். அதிகம் பேசாதவர், அதிகம் சிரிக்காதவர். இன்று அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பெயர் போட்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சாம்பார் செல்வம் அவர் சட்டைப் பையிலிருந்த போனை உருவி அடித்தேவிட்டார்.

"புளுகு திருமுருகன் அழைக்கிறார்."

சிரிப்பு பாதியில் நின்றது. மற்ற பெயர்கள் கேலி. இது வேறு என்று எல்லாருக்கும் தெரிந்தது. திருமுருகன் தன் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எண்ணூர் லோடுக்கான சீட்டை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வரேன் மேடம்" என்றார்.

அவள் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளைச் சாண்ட்ராம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். அவள் சேர்ந்த புதிதில் ஒருநாள் திருமுருகன் போன் செய்து, மணலி ரோட்டில் டயர் பஞ்சர், வரத் தாமதமாகும் என்றார். அவளும் நம்பி, பார்ட்டியிடம் கெஞ்சி நேரம் வாங்கினாள். ஸ்டேப்ளர் பின் வாங்கத் தேரடிப் பக்கம் போனபோது பார்த்தால், ஒரு சலூனில், முகம் முழுக்க நுரையோடு, கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் திருமுருகன். தெருவில் நின்றபடியே போனை எடுத்து அவர் பெயருக்கு முன்னால் புளுகு என்று சேர்த்தாள். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர் ஒரு லோடுக்கும் பிந்தி வந்ததில்லை. மழையில் மார்க்கெட் முழங்கால் தண்ணீரில் நின்றபோதுகூட சொன்ன நேரத்துக்கு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்தான். அவசர லோடு என்றால் அவள் விரல் தானாக அவர் பெயருக்குத்தான் போகும். ஆனால் கண், அந்தப் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது போனே மாறிவிட்டது. அப்படியும் அந்தப் பழைய கோபம் டிக்கெட் எடுக்காமல் கூடவே வந்து இறங்கியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை இருட்டியதும் அவருக்கு அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. எண்ணூரில் லோடு ஒழுங்காக இறங்கிவிட்டது என்ற சேதி வந்தது. கூடவே, திங்கள்கிழமையிலிருந்து அவர் வேறு ஆபீசில் லோடு எடுக்கப்போகிறார் என்ற சேதியும் வந்தது. அதைக் கொண்டுவந்த சாம்பார் செல்வம், தன்னால்தான் வந்தது என்று தலையைச் சொறிந்தார். இல்லை, என்னால்தான் என்றாள் சாண்ட்ரா.

ராத்திரி ஜெரியிடம் சொன்னாள். போனிலேயே மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பிவிடேன் என்றான் அவன். போனில் செய்த காரியத்துக்குப் போனிலேயே மன்னிப்புக் கேட்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிள்ளைகளைத் தன் அம்மா இருதயம்மாளிடம் விட்டுவிட்டு, ஜெரியின் பைக்கில் வியாசர்பாடிக்குப் போனாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் மிக்சரும்.

ஹவுசிங் போர்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திருமுருகனின் மனைவி வேம்பு அவர்களை அடையாளம் கண்டு, வாய் நிறைய வாங்க என்றாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. உள்ளே திருமுருகன் மகள் மதிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். சாண்ட்ராவைப் பார்த்ததும் எழுந்து பனியன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டார். உக்காருங்க மேடம் என்றார். அந்த மேடம் அவளை நாற்காலி நுனியிலேயே உட்கார வைத்தது.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"திருமுருகண்ணா, தப்பு என்னுதுதான்" என்றாள். "புதுசா வந்த டைம்ல, பஞ்சர்னு சொல்லிட்டு நீங்க சலூன்ல உக்காந்திருந்ததப் பாத்துட்டு கோவத்துல போட்டது. அப்பால மாத்தணும்னு தோணவே இல்ல."

திருமுருகன் இன்னொரு வாய் இட்லியைப் பிட்டு மகளுக்கு ஊட்டினார்.

"பொய் சொன்னது நானு. அத்த இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா ஒரு தபா சொன்னதுக்கு இத்தினி வருசமா அதே பேர்லயா என்னைக் கூப்டுகினு கீற? எத்தினி லோடு எட்த்துகினு போயிருப்பேன் நானு. ஒண்ணுல ஒரு கம்பி கொறஞ்சிருக்குமா?"

கோபத்தில் அவருக்கு மேடமும் நீங்களும் மறந்துபோயிருந்தன. சாண்ட்ராவுக்கு அதுவே பாதி உயிர் வந்தது போல இருந்தது. இல்லை என்று தலையாட்டினாள்.

டீயோடு வந்த வேம்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன பொய், எப்போது சொன்னது என்று கேட்டாள். திருமுருகன் பேச்சை மாற்றப் பார்த்தார். அவர் மறைக்கப் பார்ப்பது புரியாமல் ஜெரிதான் பஞ்சரையும் சலூனையும் நுரையையும் சொல்லிவிட்டான். வேம்பு டீத் தட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"தேரடி சலூனா?" என்றாள். "அய்ய, அது என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குதான்."

திருமுருகன் மகளின் வாயைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். வேம்புவே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகத்தான் பேச்சு. அவளுடைய மாமா ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் திடீரென்று அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையோ லோடில் இருக்கிறார், முகத்தில் ஒரு வாரத் தாடி. எப்படியோ வந்து சேர்ந்தார். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவர் காதுக்குப் பின்னால் ஷேவிங் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காபி கொடுக்கப்போன வேம்பு அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். பெண்ணுக்குச் சம்மதம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

"அந்த நுரையப் பாத்துதான் எனக்கே புட்ச்சிது" என்றாள் வேம்பு. "எவ்ளோ அவசரமா வந்திருந்தா மூஞ்சிகூட கழுவாம வந்திருப்பாருன்னு."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரி சிரித்தான். ஒன்றும் புரியாத மதியும் சிரித்தாள். முப்பத்தாறு வயதில் பெண் பார்க்கப் போகிறேன் என்று ஆபீசுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, வாயில் வந்த பஞ்சரைச் சொல்லிவிட்டதாகத் திருமுருகன் ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் முகம், அன்று காபி வாங்கும்போது எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது.

சாண்ட்ராவுக்கு இன்னொன்று உறைத்தது. அதற்குப் பிறகு சில மாதத்தில் அவர் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். அவள் கல்யாணத்துக்குப் போனாள், பிரியாணி சாப்பிட்டாள், மேடையேறிப் படமும் எடுத்துக்கொண்டாள், அப்போதும் அவள் போனில் அவர் புளுகுதான். அந்தப் படமும் புதுப்போனுக்கு வந்திருந்தது. தேடி எடுத்து வேம்புவிடம் காட்டினாள். வேம்பு அதைப் பெரிதாக்கி, தன் கணவரின் காதுப் பக்கம் நுரை இருக்கிறதா என்று தேடினாள். கல்யாணத்தன்று ஒழுங்காகத்தான் துடைத்திருந்தார்.

டீ குடித்து முடித்ததும் சாண்ட்ரா போனை எடுத்து, என்ன பெயர் போடட்டும், நீங்களே சொல்லுங்க என்றாள். ஜெரி ஒன்று சொன்னான், வேம்பு ஒன்று சொன்னாள், இரண்டிலும் நுரை இருந்தது. திருமுருகன் இரண்டுக்கும் மறுத்துவிட்டார்.

"திருமுருகன்னு இருந்தா போதும்" என்றார். "அந்தப் பேர்ல நம்ம மார்க்கெட்ல நான் ஒருத்தன்தான் கீறேன்."

அவள் அப்படியே போட்டாள். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்த மதியைத் தவிர எல்லாரும் காத்திருக்க, அவர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். திருமுருகன் அழைக்கிறார் என்றது அந்தச் செய்தி வாசிப்புக் குரல். அவர் கட் செய்தார். சரியாகச் சொல்லுகிறதா என்று இன்னொரு தடவையும் அடித்துக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக, பெயர் சொல்லும் வசதியை எங்கே நிறுத்துவது என்று லுப்னா தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் டிரைவர்கள் விடவில்லை. லோடுக்கு யார் முதலில் கூப்பிட்டார் என்று எல்லாருக்கும் கேட்கிறது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சண்டையே இல்லை, இருக்கட்டும் என்றார்கள். அப்படியானால் பெயர்களை மாற்றிவிடுகிறேன், ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றாள் சாண்ட்ரா. அது பெரிய தப்பாகப் போயிற்று. மூன்று பேர் சிங்கம் கேட்டார்கள். மிஸ்டுகால் முருகன் மாஸ் முருகன் ஆக வேண்டும் என்றார், ஆனால் அதைச் சொல்லவும் மிஸ்டு கால்தான் கொடுத்திருந்தார். சாம்பார் செல்வம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இன்று முழுக்கப் பார், அப்புறம் முடிவு பண்ணு என்று சவால் விட்டுப் போனார். மதார் சாகிப் அறையிலிருந்து வந்து, அஞ்சு நிமிஷம் ரொம்ப அதிகம், ரெண்டு என்று போடும்மா என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

தூங்குமூஞ்சி செல்வம் மட்டும் மாற்றவே கூடாது என்றார்.

"என் பேர்ல தூங்குமூஞ்சின்னு இருக்கறதாலதான் நீ ரெண்டு தபா அடிச்சி எழுப்பற" என்றார் கொட்டாவியோடு. "மாத்திட்டன்னு வையி, என் லோடு போயிடும்."

அதில் நியாயம் இருந்தது. சாண்ட்ரா அவர் பெயரைத் தொடவில்லை. எதிர் கோடவுனில் கிரேன் ஒரு கட்டுக் கம்பியை இறக்கியது, பேச்சுக்குரல்கள் அதில் மூழ்கின. வாசலில் ஒரு லாரி பின்புறமாக வந்து நின்றது. திருமுருகன் இறங்கி வந்து மேஜையில் கையை நீட்டினார்.

"மீஞ்சூர் சீட்டக் கொடு சாண்ட்ராம்மா" என்றார். "வெயில் ஏர்றதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."

அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு பேங்க் இன்னும் தன்னை உள்ளே விடவில்லை என்று லுப்னாவிடம் போனை நீட்டினாள்.